வீடு வாங்க ஐந்தில் ஒரு பங்கு பணம் குறைகிறதா? குவேக்கர் நிதியை அணுக ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் வீடில்லாதவர்களுக்காக வேலை செய்யும் சிறு அமைப்புகள் பலவும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. வீடு பார்த்தாகிவிட்டது. அதில் யார் தங்கப்போகிறார்கள் என்பதும் தெரியும். கவுன்சிலும் ஆதரவுக் கடிதம் கொடுத்துவிட்டது. ஆனால் மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு கையில் இல்லை. வங்கிக்குப் போனால் அமைப்பு சின்னது, வரலாறு போதாது என்கிறார்கள். அப்படியே கொடுத்தாலும் வட்டி கட்டியே வாடகை வருமானம் கரைந்துவிடும்.

இந்த இடத்தில் கைகொடுக்கக்கூடியவர்களில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ இயக்கத்தினர் முக்கியமானவர்கள். பிரிட்டன் குவேக்கர்களின் வீட்டுவசதி அறக்கட்டளையான குவேக்கர் ஹவுசிங் டிரஸ்ட் 1967இல் தொடங்கப்பட்டது. வசதியில்லாதவர்களுக்குத் தங்குமிடம் அமைக்கும் சிறு தொண்டு அமைப்புகளுக்கு வட்டியில்லாக் கடனும், சில நேரம் மானியமும், கூடவே ஆலோசனையும் கொடுத்து வந்திருக்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் அதன் உதவி போயிருக்கிறது. உதவி கேட்பவர்கள் குவேக்கராக இருக்கவேண்டும் என்பதில்லை.

லண்டனிலும் பிற நகரங்களிலும் நம்மவர்கள் நடத்தும் அமைப்புகள் நிறைய. தனித்து வாழும் முதியவர்கள், அகதி அந்தஸ்து கிடைத்த கையோடு அரசு தங்குமிடத்தை விட்டு வெளியேறவேண்டிய இளைஞர்கள் என்று நம் கண்முன்னே தேவை இருக்கிறது. ஆனாலும் நம் அமைப்புகள் கதவைத் தட்டும் இடங்களின் பட்டியலில் குவேக்கர் பெயரைக் காண்பது அபூர்வம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இவர்கள் யார், பணம் எங்கிருந்து வருகிறது

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் இங்கிலாந்தின் வடபகுதியில் தொடங்கிவைத்த கிறிஸ்தவ இயக்கம் இது. பிரிட்டனில் இவர்களுக்குப் பாதிரியார் கிடையாது. வழிபாடு பெரும்பாலும் மௌனம்தான். பழைய சட்டங்கள் பல்கலைக்கழகத்தையும் அரசுப் பதவியையும் இவர்களுக்கு மூடிவைத்திருந்ததால் நிறையப் பேர் வியாபாரத்தில் இறங்கினார்கள். காட்பரி, ரவுன்ட்ரீ, ஃப்ரை என்ற மூன்று சாக்லேட் குடும்பங்களும் குவேக்கர் குடும்பங்களே.

வீட்டுவசதியில் இவர்களுடைய அக்கறை இன்று நேற்று வந்ததில்லை. பர்மிங்ஹாம் அருகே தான் உருவாக்கிய போர்ன்வில் குடியிருப்பை ஜார்ஜ் காட்பரி 1900இல் ஒரு அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். யார்க் நகரத்தை ஒட்டி ஜோசப் ரவுன்ட்ரீ 1902இல் நியூ இயர்ஸ்விக் கிராமத்தைக் கட்டத் தொடங்கினார். தன் ஆலைத் தொழிலாளிகளுக்கு மட்டும் என்று அவர் வைக்கவில்லை. வாரம் சுமார் 25 ஷில்லிங் சம்பாதிப்பவரால் வாடகை கட்ட முடியவேண்டும், அதே சமயம் வீடு காற்றோட்டமாகவும் அழகாகவும் இருக்கவேண்டும் என்பதுதான் அவர் வைத்த அளவுகோல். 1904இல் மூன்று அறக்கட்டளைகளை நிறுவியபோது ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்: ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றப் பணம் எளிதில் கிடைத்துவிடுகிறது, வறுமை ஏன் வருகிறது என்று ஆராயத்தான் ஆள் இல்லை. இன்றும் ஒரு குவேக்கர் நிதிக்கு விண்ணப்பம் எழுதுகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ‘இவர்களுக்கு வீடில்லை’ என்று எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். ஏன் இல்லாமல் போனது என்பதையும் சொல்லவேண்டும்.

குவேக்கர் ஹவுசிங் டிரஸ்டின் பணம் சாக்லேட் கோடீஸ்வரர்கள் விட்டுப்போன சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண குவேக்கர்கள் கொடுத்த நன்கொடை, உயிலில் எழுதிவைத்த தொகை, அப்புறம் அவர்களே வட்டி வாங்காமல் டிரஸ்டுக்குக் கொடுத்துவைத்த கடன் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வங்கியில் போட்டிருந்தால் வட்டி கிடைத்திருக்கும் பணத்தை இங்கே போட்டுவைத்திருக்கலாம். நீங்கள் திருப்பிக் கட்டினால் அது இன்னொரு ஊரில் இன்னொரு வீடாகும்.

முதலில், சரியான கதவுதானா என்று பாருங்கள்

உங்களுக்கே தங்க இடமில்லை என்றால் இந்த நிதி உங்களுக்கானதில்லை. தனிநபர்களுக்கு அது பணம் கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் இருப்பவர் நேராக உள்ளூர் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவுக்குப் போகவேண்டும். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இன்னும் 56 நாட்களுக்குள் வீடில்லாமல் போகும் நிலையில் இருக்கும் தகுதியுள்ளவருக்கு அந்த நிலை வராமல் தடுக்க உதவவேண்டியது கவுன்சிலின் கடமை. வெளியேறச் சொல்லும் கடிதம் வந்த அன்றே போங்கள், கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள். கவுன்சில் கைவிரித்தால் ஷெல்ட்டர் என்ற வீட்டுவசதித் தொண்டு அமைப்பு இலவச ஆலோசனை தரும்.

அமைப்பாகக் கேட்பவர்களுக்கும் ஒரு குழப்பம் வரும். குவேக்கர் வேர் கொண்ட அறக்கட்டளைகள் பல இருக்கின்றன, ஒவ்வொன்றின் வேலையும் வேறு. ஜோசப் ரவுன்ட்ரீ ஃபவுண்டேஷனின் முக்கிய வேலை வறுமை பற்றிய ஆய்வும் கொள்கை மாற்றமும். ஜோசப் ரவுன்ட்ரீ ஹவுசிங் டிரஸ்ட் தானே வீடுகளைக் கட்டி வாடகைக்கு விடுகிற அமைப்பு. ஜோசப் ரவுன்ட்ரீ சாரிட்டபிள் டிரஸ்டும் பேரோ காட்பரி டிரஸ்டும் சமூக நீதிப் பணிகளுக்குப் பணம் கொடுப்பவை, உங்களுக்கு வீடு வாங்கித் தரமாட்டா. ஹல் நகரத்தை ஒட்டிய பகுதிகளுக்கு 1921இல் தொடங்கிய சர் ஜேம்ஸ் ரெக்கிட் சாரிட்டி இருக்கிறது. பெயரில் ஒற்றுமையைப் பார்த்து எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை. அறக்கட்டளைகள் அவ்வப்போது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்துவதும் விதிகளை மாற்றுவதும் வழக்கம். ஆகவே எந்த நிதியானாலும் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, அதிகபட்சத் தொகை எவ்வளவு, அடுத்த கூட்டம் எப்போது என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டுவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

குவேக்கர் ஹவுசிங் டிரஸ்டின் நோக்கம் கட்டடம்: வாங்குவது, கட்டுவது, பழுதுபார்த்து வாழத் தகுந்ததாக்குவது. ஊழியர் சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் வேறு இடம் பாருங்கள்.

அமைப்பை ஒழுங்குபடுத்துங்கள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் செய்யாமல் விட்டால் பேச்சே தொடங்காது. இங்கிலாந்து, வேல்ஸ் என்றால் தொண்டு அமைப்புகளை மேற்பார்வையிடும் சாரிட்டி கமிஷனிலும், ஸ்காட்லாந்து என்றால் அங்குள்ள தனி ஒழுங்குமுறை அமைப்பிலும் பதிவு இருக்கவேண்டும். கணக்குகளை உரிய நாளுக்குள் தாக்கல் செய்திருக்கவேண்டும். கமிஷனின் இணையதளத்தில் உங்கள் பெயருக்கு நேரே கணக்குத் தாமதம் என்று சிவப்பில் தெரிந்தால் விண்ணப்பத்தைப் படிப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அமைப்பின் நோக்க விதியில் வீட்டுவசதி அல்லது வறுமை நிவாரணம் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கலை, பண்பாடு, மொழி வளர்ச்சி என்று மட்டும் எழுதித் தொடங்கிய சங்கங்கள் நம்மிடம் நிறைய. அந்த விதியை மாற்றாமல் வீடு வாங்க இறங்கக்கூடாது.

‘தமிழ் முதியவர்களுக்கு மட்டும்’ என்று வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், ஒரு சாரிட்டி தன் உதவியைக் குறிப்பிட்ட இனத்தவருக்கு என்று வரையறுக்கச் சில நிபந்தனைகளோடு இடம் தருகிறது: அது சாரிட்டியின் ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும், அந்த மக்களுக்குள்ள பின்தங்கிய நிலையை ஈடுசெய்வது போன்ற தக்க காரணம் இருக்கவேண்டும். தோல் நிறத்தை வைத்து வரையறுக்க எந்த வகையிலும் அனுமதி இல்லை. என் கருத்தைக் கேட்டால், தேவையை முன்னால் வையுங்கள். ஆங்கிலம் தெரியாமல், சைவ உணவு மட்டும் உண்டு, தனியாக வாழும் முதியவர்களுக்கு ஏற்ற வீடு என்று எழுதினால் உங்கள் வலிமை தெரியும், கதவும் எல்லாருக்கும் திறந்திருக்கும். சமத்துவத்தை உயிராக நினைப்பவர்களிடம் பணம் கேட்கப் போகிறீர்கள்.

வீட்டுக்கு முன்னால் ஆட்களை எழுதுங்கள்

நான் படித்துப் பார்த்த வரைவுகளில் பாதிக்கு மேல் கட்டடத்தில் தொடங்குகின்றன: நான்கு படுக்கையறை, ரயில் நிலையத்துக்கு அருகில், விலை இவ்வளவு. படிப்பவருக்கு அதில் யார் வாழப்போகிறார்கள் என்று தெரியவில்லை. மாற்றி எழுதுங்கள். யார் வருவார்கள், யார் அனுப்பிவைப்பார்கள், எவ்வளவு காலம் தங்குவார்கள், வந்த முதல் வாரம் என்ன நடக்கும், பிறகு எங்கே போவார்கள்? இந்த ஐந்துக்கும் பதில் வந்தபிறகுதான் எத்தனை அறை வேண்டும் என்பதே தெரியவரும்.

ஒரு நல்ல முன்மாதிரி கிழக்கு லண்டனில் இருக்கிறது. 1867இல் தொடங்கிய குவேக்கர் சோஷியல் ஆக்‌ஷன் என்ற அமைப்பு, வீட்டில் நோயுற்ற பெற்றோரையோ உடன்பிறந்தவரையோ கவனித்துக்கொள்ளும் 18 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களுக்காக ‘மூவ் ஆன் அப்’ என்ற திட்டத்தை நடத்தியது. பகிர்ந்து வாழும் வீடுகளைக் காமன்வீல் ஹவுசிங் என்ற வேறொரு சாரிட்டி கொடுத்தது. அங்கே தங்கிய இளைஞர்களுக்குத் துணையாக நின்றது குவேக்கர் சோஷியல் ஆக்‌ஷன். யார் தங்குவார்கள் என்பது எவ்வளவு கூர்மையாக வரையறுக்கப்பட்டிருக்கிறது பாருங்கள். வீட்டின் உரிமை ஒரு கையிலும் ஆதரவுப் பணி இன்னொரு கையிலும் இருந்ததையும் கவனியுங்கள். உங்கள் அமைப்புக்கு ஆட்களோடு பழகத் தெரியும், கூரை மாற்றத் தெரியாது என்றால், வீட்டை நடத்தத் தெரிந்த ஒரு ஹவுசிங் அசோசியேஷனோடு (லாப நோக்கில்லாமல் வீடுகளை வாடகைக்கு விடும் அமைப்பு) சேர்வது அவமானம் ஒன்றும் இல்லை.

வீட்டைப் பார்க்கப் போகும்போது டேப் எடுத்துப் போங்கள். இங்கிலாந்தில் ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறை, குளியலறையைப் பகிர்ந்து வாழும் வீட்டுக்குக் கவுன்சில் உரிமம் கட்டாயம். அந்த உரிமத்தின்படி பெரியவர் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, இருவர் என்றால் 10.22. உயரம் ஒன்றரை மீட்டருக்குக் கீழே சரியும் மாடி அறைப் பகுதி கணக்கில் சேராது. சில கவுன்சில்கள் மூன்று பேருக்கே உரிமம் கேட்கின்றன. ஸ்காட்லாந்தில் மூன்று பேர் என்பதே பொது விதி. விற்பனை விளம்பரத்தில் ‘ஐந்தாவது அறை’ என்று இருப்பது அளந்து பார்த்தால் ஆறு சதுர மீட்டர்தான் வரும். அந்த ஒரு அறையின் வாடகையை நம்பிப் போட்ட கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிடும்.

கணக்கு

இந்தப் பகுதிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். வட்டியில்லாக் கடனும் கடன்தான், ஆதலால் திருப்பிக் கட்ட முடியும் என்று காட்டவேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வீடு, வரி, வக்கீல் கட்டணம், பழுது எல்லாம் சேர்த்து 3,00,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சமூகத்தில் திரட்டியது 1,80,000. வேறு அறக்கட்டளைகள் தந்தது 60,000. குறைவது 60,000. இதைப் பத்து ஆண்டுக் கடனாக 6 சதவீத வட்டிக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 666 பவுண்டு, முடிவில் வட்டியாக மட்டும் ஏறக்குறைய 20,000 போயிருக்கும். வட்டி இல்லையென்றால் தவணை சரியாக 500. மிச்சப்படும் 20,000 பவுண்டு பத்து ஆண்டு பழுதுபார்ப்புக்கு நல்ல முதல். இந்த ஒப்பீட்டை விண்ணப்பத்திலேயே காட்டுங்கள். அவர்கள் விட்டுக்கொடுக்கும் வட்டி எங்கே போய்ச் சேர்கிறது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.

இனி வருமானப் பக்கம். நான்கு அறை, வாரம் 120 பவுண்டு என்றால் ஆண்டுக்கு 24,960. இதை அப்படியே எழுதுகிறவர்கள் அதிகம். ஒருவர் கிளம்பி அடுத்தவர் வரும்வரை அறை காலியாக இருக்கும், சுவருக்கு வண்ணம் அடிக்கவேண்டும், தங்குபவரின் பெனிஃபிட் (அரசு உதவித்தொகை) விண்ணப்பம் முடிய வாரங்கள் ஆகும். ஒரு அறை மட்டும் மூன்று மாதம் காலியாகக் கிடந்தாலே 1,560 குறைந்து 23,400 ஆகிவிடும். இதில் கடன் தவணை 6,000 போக மீதியில் காப்பீடு, எரிவாயுச் சோதனை, தீ எச்சரிக்கைக் கருவி, கவுன்சில் வரி, ஆதரவு ஊழியர் எல்லாம் வரவேண்டும். இரண்டு அறை காலியாக இருந்தால் என்ன, பாய்லர் கெட்டால் என்ன என்று இன்னும் இரண்டு பட்டியல் போடுங்கள். மோசமான பட்டியலிலும் தவணை நிற்காது என்று காட்ட முடிந்தால் விண்ணப்பத்தின் பாதி வேலை முடிந்தது. முடியவில்லை என்றால் கடன் தொகையைக் குறைத்து, நன்கொடை திரட்ட இன்னும் ஓராண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடன் அடைக்க முடியாமல் வீட்டை விற்க நேர்ந்தால் நடுத்தெருவுக்கு வருவது அங்கே தங்கியிருப்பவர்கள்தான்.

வாடகையை யார் கட்டுவார்கள் என்பதும் தெளிவாக இருக்கவேண்டும். பராமரிப்போ ஆதரவோ சேர்த்துத் தரும் சாரிட்டி வீட்டில் தங்குபவருக்கு வாடகை உதவி பெரும்பாலும் அரசின் பொது உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் வழியாக வராது. கவுன்சிலின் ஹவுசிங் பெனிஃபிட்டாக வரும். ஆதரவு எதுவும் இல்லாத வெறும் வாடகை வீடு என்றால் வாடகை உதவிக்கு உள்ளூர் உச்சவரம்பு பொருந்தும். 35 வயதுக்குட்பட்ட தனிநபருக்குப் பொதுவாகப் பகிர்ந்து வாழும் அறையின் தொகைதான் கிடைக்கும். ஆகவே வாடகையை நிர்ணயிக்கும் முன்பே கவுன்சிலின் பெனிஃபிட் பிரிவோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு எவ்வளவு எரிவாயு தின்னும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். 2011இல் கேன்டர்பரியில் கூடிய பிரிட்டன் குவேக்கர்கள் கரிம வெளியீட்டைக் குறைத்து வாழும் சமூகமாக மாறுவோம் என்று முடிவெடுத்தார்கள். கூரைக்கு வெப்பத்தடுப்பு போடுவது தங்குபவரின் பில்லையும் குறைக்கும்.

படிவத்துக்கு முன் பேச்சு

உங்கள் ஊரில் குவேக்கர் மீட்டிங் ஹவுஸ் (அவர்கள் வழிபாட்டுக்குக் கூடும் இடம்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். வட்டமாகப் போட்ட நாற்காலிகள், நடுவில் ஒரு மேசை, அதில் பூவோ புத்தகமோ இருக்கும். ஒரு மணி நேரம் யாரும் பேசாமலே போகலாம். யாராவது எழுந்து இரண்டு வார்த்தை சொல்லி உட்காரலாம். முடிந்ததும் கைகுலுக்குவார்கள், அறிவிப்புகள் சொல்வார்கள், அப்புறம் தேநீர். அந்தத் தேநீர் நேரத்தில்தான் உங்கள் திட்டத்தைப் பற்றிப் பேசமுடியும். மதம் மாற்றுவார்களோ என்ற தயக்கம் வேண்டாம், இவர்கள் யாரையும் இழுப்பவர்கள் இல்லை. உள்ளூர்க் குவேக்கர்களுக்கு உங்களைத் தெரிந்திருந்தால் விண்ணப்பத்துக்கு அது பலம். சில நேரம் ஒரு தன்னார்வலரோ கணக்கு பார்க்கத் தெரிந்தவரோ அங்கேயே கிடைப்பார்.

முடிவெடுக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். குவேக்கர் கூட்டங்களில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லாரும் கேட்டு, அமைதியாக யோசித்து, கூட்டத்தின் மனம் எங்கே போகிறது என்று கூட்டத்தை நடத்தும் கிளார்க் எழுதிப் படித்துக் காட்டுவார். அனைவரும் ஏற்றால் அதுதான் முடிவு. உள்ளூர்க் கூட்டத்திடம் உதவி கேட்டால் ‘அடுத்த மாதம் சொல்கிறோம்’ என்ற பதில் வருவது சகஜம். மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் வீட்டுக்காரர் மூன்று வாரத்தில் பணம் கேட்கிறார் என்ற நிலையில் இவர்களிடம் ஓடிப்போவதும் சரிவராது. வீடு தேடத் தொடங்கும்போதே பேச்சைத் தொடங்குங்கள்.

எழுதும்போது

குவேக்கர்கள் சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்தவர்கள். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்பது அவர்கள் வாதம். அதற்காகச் சிறைக்கும் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதும் விண்ணப்பத்தில் ‘தலைசிறந்த’, ‘புரட்சிகரமான’ என்ற சொற்களுக்கு இடமில்லை. இரண்டு அறங்காவலர்கள் சென்ற ஆண்டு விலகினார்கள் என்றால் அதை எழுதுங்கள், அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். தங்கியவர்களில் ஒருவர் வாடகை கட்டாமல் போனார் என்றால் அதையும். தங்கப்போகிறவர்களின் கருத்தைக் கேட்டீர்களா என்ற கேள்விக்கு உண்மையான பதில் வைத்திருங்கள். சமையலறை எப்படி வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு எழுதிய ஒரு வரி, புள்ளிவிவரம் நிறைந்த ஒரு பக்கத்தைவிட மதிப்புள்ளது.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

கட்டடத்துக்குக் கடன் கொடுப்பவர்கள் பொதுவாக அந்தக் கட்டடத்தின் மீதே அடமானம் பதிவு செய்வார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு சாரிட்டி தன் நிலத்தை அடமானம் வைப்பதற்கு 2011ஆம் ஆண்டின் சாரிட்டிகள் சட்டம், பிரிவு 124 ஒரு நிபந்தனை வைக்கிறது. அறங்காவலர்கள் நிதி விஷயம் அறிந்த ஒருவரிடம் எழுத்துமூலம் ஆலோசனை வாங்கிப் பரிசீலிக்கவேண்டும்: கடன் தேவைதானா, நிபந்தனைகள் நியாயமானவையா, அமைப்பால் திருப்பிக் கட்டமுடியுமா? ஆலோசனை சொல்பவருக்கு இந்தக் கடனால் தனி லாபம் இருக்கக்கூடாது. இதைச் செய்யாமல் சாரிட்டி கமிஷனின் உத்தரவும் இல்லாமல் கையெழுத்திட்டால் பின்னால் சிக்கல் வரும். வங்கிக்கடன் ஒன்றும் ஏற்கெனவே இருந்தால் முதல் உரிமை யாருக்கு என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளவேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கும், வக்கீல் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

பணம் வந்தபிறகு தவணை மாதாமாதம் தானாகவே போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் ஆர்டராகப் போட்டுவிடுங்கள். செயலாளர் மாறினாலும் அது நிற்காது. ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் கேட்காமலே ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: எத்தனை பேர் தங்கினார்கள், எத்தனை பேர் சொந்த வாடகை வீட்டுக்குப் போனார்கள், எது சரியாக நடக்கவில்லை. தங்கியவர்களின் பெயரும் படமும் அவர்கள் சம்மதம் இல்லாமல் வேண்டாம். வாடகை வரவு குறைந்து அடுத்த தவணை கஷ்டம் என்று தெரிந்தால், தேதி தவறுவதற்கு முன்பே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லி, எந்த மாதத்திலிருந்து எவ்வளவு கட்டமுடியும் என்ற புதிய கணக்கை அன்றே அனுப்பிவிடுங்கள்.